முப்பத்தெட்டு சரியாக இருந்தது: மலாவத்தி குன்றுக்கு மறுபடியும்

கோல சிலாங்கூருக்குப் போகிறவர்களுக்கு மின்மினி, கடல் உணவு, குரங்கு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். என் காரணம் ஒரு கனவு. போன சனிக்கிழமை, மூன்று வருடங்களுக்குப் பிறகு, கிள்ளானிலிருந்து தனியாகக் காரோட்டிப் போய் வந்தேன். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கும், ஒரே கனவைத் திரும்பத் திரும்பக் கண்டு அலுத்துப்போனவர்களுக்கும் இந்தப் பதிவு உதவலாம்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் முப்பத்தெட்டு பேரைக் கோல சிலாங்கூரில் இருக்கும் மலாவத்தி குன்றுக்குக் கூட்டிப்போனேன். திரும்பும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறினார்கள். உள்ளே நின்று எண்ணினேன். முப்பத்தெட்டு சரியாக இருந்தது, பேருந்து கிளம்பிவிட்டது. வழியில் ஜெராம் என்ற ஊர் வந்தபோது ஒரு பிள்ளை, "டீச்சர், சியாமளா எங்க?" என்றது. அப்படியே வண்டியைத் திருப்பினோம். குன்றின் அடியில் டிராம் நிற்கும் கொட்டகையில் சியாமளா உட்கார்ந்திருந்தாள். மொத்தம் நாற்பது நிமிடம். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் அம்மா சரோஜா, "பரவால்ல டீச்சர்" என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

அதற்குப் பிறகுதான் கனவு. பேருந்துக்குள் எண்ணுகிறேன், முப்பத்தெட்டு வருகிறது. பின்கண்ணாடியில் பார்த்தால் சியாமளா மழையில் நிற்கிறாள். மறுபடியும் எண்ணுகிறேன், மறுபடியும் முப்பத்தெட்டு. வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. விழித்தால் அதோடு தூக்கம் போய்விடும். ஒரு பிள்ளை குறையும்போது எண்ணிக்கை எப்படிச் சரியாக வந்தது என்பது எனக்குப் புரியவே இல்லை. அன்றிலிருந்து எந்தச் சுற்றுலாவுக்கும் நான் பொறுப்பேற்கவில்லை. இந்த வருடம் தலைமையாசிரியர் என் மேசையில் ஒரு படிவத்தை வைத்துவிட்டார். அதே குன்று, முப்பத்தாறு பிள்ளைகள், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். நான் மறுத்தால் பயணமே ரத்து, ஏனென்றால் வேறு யாரும் கை தூக்கவில்லை.

மனநல ஆலோசகர் ஜெசிந்தாவிடம் நான்கு மாதமாகப் போகிறேன். எங்கள் வீட்டில் கெட்ட கனவை வெளியே சொல்லும் வழக்கம் இல்லை, சொன்னால் பலித்துவிடும் என்பார்கள். ஜெசிந்தாவோ அதைப் பட்டப்பகலில் எழுதச் சொன்னார். எழுதி, முடிவை மட்டும் மாற்றி, தினமும் பத்து நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எனக்கு முடிவு எதுவும் வரவில்லை. நான் எழுதிய ஒவ்வொரு முடிவிலும் பேருந்து எங்கேயாவது போய்க் கவிழ்ந்தது. "ஒங்க கூட வேல செய்ற டீச்சர் இதே தப்ப செஞ்சிருந்தா என்ன சொல்வீங்க?" என்று ஒரு நாள் கேட்டார். "பரவால்லம்மா, பிள்ள கெடச்சிருச்சு, போய் டீ குடி" என்று யோசிக்காமல் சொன்னேன். "அதையே ஒங்களுக்குச் சொல்லுங்க" என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அப்புறம்தான், முடிந்தால் பகலில் அந்த இடத்துக்கு ஒரு தடவை போய் வரும்படி சொன்னார்.

காலை 7.10க்குக் கிளம்பினேன். காப்பாரில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக் டீ, 5 வெள்ளி (ரிங்கிட்) 40 காசு. கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் சுமார் 45 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது, ஜெராமில் சாலையோரம் நிறுத்தி மூச்சை நிதானப்படுத்திக்கொண்டதால். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நிறுத்த இடம் நிறைய இருக்கிறது.

வார இறுதியில் குன்றின் மேல் சொந்த வண்டி போக முடியாது. டிராம் கட்டணம் ஐந்து வெள்ளி. கொட்டகையைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடுவேன் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் நாலு பெஞ்சு, ஒரு குப்பைத்தொட்டி, அவ்வளவுதான். ஓட்டுநர் நம்மவர், ஐம்பது வயதிருக்கும். "இங்க பிள்ளைங்கள விட்டுட்டுப் போறது உண்டா, அண்ணே?" என்று பட்டும் படாமலும் கேட்டேன்.

"ஏன் இல்ல? பிள்ள என்னா, போன வாரம் ஒருத்தரு பொண்டாட்டியவே விட்டுட்டுப் போயிட்டாரு லா! அந்தம்மா இங்கதான் உக்காந்து இளநி குடிச்சிச்சு."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தக் குன்றில் நான் சிரிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மேலே கலங்கரை விளக்கத்தையும் பீரங்கிகளையும் பார்த்துவிட்டு 10.30க்கு இறங்கினேன்.

ஜெசிந்தா தந்த வீட்டுப்பாடம் அங்கேயே முடிந்தது. ஆனால் சியாமளாவின் அப்பாவுக்குச் செம்பனை ஆலையில் வேலை கிடைத்து, குடும்பம் பக்கத்திலுள்ள பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு மாறியிருந்தது. சரோஜா வீட்டுக்கு வரச்சொல்லி இரண்டு முறை அழைத்தும் நான் ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பித்திருந்தேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று தோட்டங்கள் வழியாக வண்டியை விட்டேன். 22 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் லோரிகள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கடைத்தெருவில் சரோஜா தள்ளுவண்டி போட்டுக் கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை வகைகள், விற்கிறார். பக்கத்தில் நாற்காலி போட்டுச் சியாமளா படித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது, என்னைவிட உயரம். "டீச்சர்!" என்று எழுந்தாள். சரோஜா என்னைக் கேட்கவே இல்லை, பால் டின்னை எடுத்துக் கடலையை அளந்து பையில் போட ஆரம்பித்துவிட்டார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

அங்கேயே நின்றுவிட்டேன். அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது நம் வழக்கம். நானும் அப்படித்தான், பிள்ளைகளைக்கூட அப்படித்தான் எண்ணுவேன். எப்போதும் பேருந்து வாசலில் நின்று, ஏறும் முதல் பிள்ளைக்கு லாபம் என்பேன். அன்று மழையில் உள்ளே நின்றேன். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே முருகன் படம். பதற்றத்தில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு "லாபம்" என்று சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. முதல் இருக்கைப் பிள்ளைக்கு "ரெண்டு" சொல்லியிருக்கிறேன்.

கனவு, எண்ணிக்கை, படிவம் எல்லாவற்றையும் அந்தத் தள்ளுவண்டி ஓரத்தில் நின்றபடியே கொட்டிவிட்டேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சியாமளாதான் முதலில் சிரித்தாள். "அப்ப என் சீட்டுல முருகன் போயிட்டாரா, டீச்சர்?"

"ஏய், டீச்சர் அழுவுறாங்க, பேசாம இரு" என்று அதட்டிய சரோஜாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அன்னிக்கு ரொம்பப் பயந்தியாம்மா?" மூன்று வருடமாக நான் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி அது.

"கொஞ்சம் அழுதேன் டீச்சர். கறுப்புக் கொரங்குக்கு ஆரஞ்சுக் கலர்ல குட்டி இருந்திச்சு, அதப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன், பஸ் போயிருச்சு. ஆனா நீங்கதான் திரும்பி வந்தீங்களே. பஸ் நிக்கிறதுக்குள்ள குதிச்சு ஓடி வந்தீங்க, செருப்புகூட அறுந்துபோச்சு."

செருப்பு அறுந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. என் கனவில் பேருந்து ஒரு நாளும் திரும்பியதில்லை. ஆனால் உண்மையில் அது திரும்பியது. நான்கு மாதமாக முடிவு ஒன்றைக் கற்பனை செய்யத் தவித்தேன், அது ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. கடலைப் பையின் மேலேயே எழுதினேன்: ஜெராமில் பேருந்து திரும்புகிறது, நான் ஓடுகிறேன், செருப்பு அறுகிறது, பிள்ளை சிரிக்கிறாள்.

காரில் ஏறியதும் கண்ணாடியைப் பார்த்து, "பரவால்லம்மா, பிள்ள கெடச்சிருச்சு, போய் டீ குடி" என்று எனக்கே சத்தமாகச் சொன்னேன். போய்க் குடிக்கவும் செய்தேன், இரண்டு வெள்ளி.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குன்றுக்குக் காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், வெயிலும் கூட்டமும் குறைவு. குரங்குக்கு முன் பிளாஸ்டிக் பையை வெளியே எடுக்காதீர்கள். ஒரே கனவு உங்களையும் துரத்தினால் தனியாக மல்லுக்கட்டாமல் படித்த ஆலோசகர் ஒருவரிடம் சொல்லுங்கள். சொன்னதால் எனக்கு எதுவும் பலித்துவிடவில்லை. கனவு அடியோடு போய்விட்டதா என்றால் இல்லை, இந்த வாரம் ஒரு தடவை வந்தது. ஆனால் வண்டி ஜெராமில் நின்றது.

திங்கட்கிழமை காலை படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தாறு பிள்ளைகள். மழை பெய்தாலும் வாசலில் நின்றுதான் எண்ணுவேன். லாபத்தை விடப்போவதில்லை, அதை முதலில் ஏறும் பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொல்வேன்.