முத்துப்பேச்சி பிடுங்கிய காடு

முத்துப்பேச்சி, வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருசம் களை எடுத்தவள். தேயிலையைத் தவிர எது தலை நீட்டினாலும் வேரோடு வர வேண்டும். ஒரு மரக்கன்றை விட்டுவைத்தாலும் கங்காணி அரை நாள் கூலியை வெட்டுவான். அந்த வெட்டை எதிர்த்து, தொழிற்சங்கத்துக்காரனாக நான் நோட்டீஸ் அடித்திருக்கிறேன், கேட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வெட்டு நின்றது. களையெடுப்பு நிற்குமா?

ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். புருசன் இல்லை. மகள் சித்ரா டவுனில் ஒற்றை அறையில் நாலு பேரோடு கிடக்கிறாள். அந்த நேரத்தில்தான் ஆற்றுக்கு மேலே இருக்கும் இளைஞர் முகாமைப் புதுப்பித்தார்கள். காட்டுக்குக் கேடு வராமல் புதுப்பிக்கிற வேலை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையை இறக்கினார்கள், சிமெண்டு முற்றத்தை உடைத்தார்கள், பழைய தேயிலைச் சரிவில் மறுபடி காடு வளர முந்நூறு கன்று நட்டார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். பணம் தரும் அமைப்பு அந்தச் சரிவைப் பார்த்துத்தான் மிச்ச வேலைக்குச் சம்மதிக்கும்.

முகாம் மேனேஜர் ஜின்சன் எஸ்டேட்டில் பிறந்த பையன். நான் கேட்டதால் ஆகஸ்டில் முத்துப்பேச்சிக்குத் தோட்ட வேலையும், சமையல்கட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தான். வேலை இருக்கும் வரைதான் அறை.

"கதவுக்கு உள்தாப்பா இருக்கு அண்ணாச்சி," என்றாள் என்னிடம். "லயத்துல கயித்தத்தான் கட்டிக்கிட்டுப் படுப்பேன்."

கன்றுகளில் முதலில் அடையாளத்துக்குச் சிவப்பு பிளாஸ்டிக் ரிப்பன் கட்டியிருந்தது. ஜூனில் வந்த கல்லூரிப் பிள்ளைகள், முகாமில் பிளாஸ்டிக் கூடாது என்று எல்லாவற்றையும் அறுத்துச் சாக்கில் அள்ளி, சாக்கோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பதிலுக்கு மூங்கில் குச்சி நடுவதாகப் பேச்சு. நடவில்லை. மழையில் புல்லும் உண்ணிச்செடியும் இடுப்பளவு ஏறின. காடு நடப்பட்டிருக்கிறது என்று போர்டு இருந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து ஒருவரும் அவளிடம் வாயால் சொல்லவில்லை. நானும்தான்.

செப்டம்பரில் பணம் தரும் அமைப்பிலிருந்து பார்வையிட ஆட்கள் வருவதாக இருந்தது. ஜின்சன் அவர்களை அழைத்துவர எர்ணாகுளம் போனான். அந்த மூன்று நாளில் அவள், யாரும் சொல்லாமலே, சரிவை முடித்துவிட்டாள். எஸ்டேட் முறைப்படி பிடுங்கியதை வேர் மேலே இருக்கும்படி வரிசையாகக் கவிழ்த்தும் வைத்திருந்தாள். அப்போதுதான் மறுபடி பிழைக்காது.

ஜின்சன் வந்தவர்களை முகாமில் தங்கவைத்துவிட்டுச் சரிவுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"ஒத்தப் புல்லு இருக்கா பாருங்க சார்," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

அவன் குனிந்து ஒன்றை எடுத்தான். "பேச்சிக்கா, இது காட்டுநாவலு."

"ஆமா சார். எங்க பதினாலாம் நம்பர் மலையில இதுதான் பெரிய தொல்ல. ஆழமா வேரு விட்ரும். விடுவனா நானு?"

"இத நாங்க நட்டுருந்தோம்க்கா."

அவள் என்னைப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி சொல்லுதாரு? இதப் போயி யாராச்சும் நடுவாகளா?"

என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. பொழுது சாயும் மட்டும் மண்டிபோட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டாள். வேர் வெயிலில் கருகி ஒடிந்தது. அவள் வேலையில் அரைகுறை கிடையாது.

பார்வையிட வந்தவர்கள் மறுநாள் சரிவில் பத்து நிமிசம் நின்றார்கள். பணம் வேண்டுமானால் பயிற்சி பெற்றவர்களை மட்டும்தான் இனி வேலைக்கு வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பயிற்சிக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து.

"எங்கம்மாவும் களை எடுத்தவதான் தோழரே," என்றான் ஜின்சன். "பேசிப் பாத்தேன்."

"பேசிப் பாத்த. அவளுக்காக நின்னு பாத்தியா?"

"நின்னா நானும் வெளிய போகணும்."

அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை அறையைக் காலி செய்தாள். போன வாரம் சித்ரா வீட்டுக்குப் போனேன். முத்துப்பேச்சி வாசல் ஓரமாகப் பாயில் கிடந்தாள்.

"வேற எடத்துல வேலைக்குச் சொல்லி வைக்கவா?"

"வேண்டாம் அண்ணாச்சி. எங்க போனாலும் நா எதையாச்சும் பிடுங்கிப்புடுவேன்."

பள்ளிக்கூடம் விட்டுப் பேரப்பிள்ளைகள் வந்தன. எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு அவற்றுக்கு வழி விட்டாள்.