நீராவிக் கிணறும் மாமாவின் வலது காதும்

என் அக்காவின் கணவருக்கு வேலையிடத்தில் ‘வைத்தியர்’ என்று பட்டப்பெயர். அவரிடம் ஒரு நீண்ட இரும்புக் கம்பி உண்டு. ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, ரப்பர் மாட்டிய மறுமுனையை வலது காதுக்குள் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். பூமிக்கே நாடி பார்க்கிறார் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்யப்போய், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

எங்கள் ஊருக்கு மின்சாரம் நீராவிக் கிணறுகளிலிருந்துதான் வருகிறது. மழைத்தண்ணீர் பாறை விரிசல் வழியாக வெகு ஆழத்துக்கு இறங்கி, அங்கே இருக்கும் சூட்டில் கொதித்து, துளை போட்ட இடத்தில் ஆவியாகச் சீறிக்கொண்டு வரும். டர்பைனைச் சுற்றிவிட்டு, குளிர்ந்து தண்ணீராகி, வேறொரு துளை வழியே மறுபடி பூமிக்குள் போகும். மாமாவிடம் கேட்டால் இதையே அரை நாள் சொல்வார். நான் கேட்பதில்லை.

கிணறுகள் ஓய்ந்துபோவதும் உண்டு. எடுக்கிற வேகத்துக்கு அடியில் தண்ணீர் சேராவிட்டால் ஆவி மெலிந்துவிடும். மேட்டுக் கிணறு அப்படித்தான் போனது. அதில் வேலை பார்த்தவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அதனால் ஒருநாள் சாயங்காலம் மாமா செத்த முகத்தோடு வந்து உட்கார்ந்ததும் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“நம்ம கிணறு அடங்கிட்டு வருது. சத்தம் பாதியாயிடுச்சு.”

“பிரஷர் மீட்டர் என்ன காட்டுது மாமா?” என்றேன்.

“அது எப்பவும் போலத்தான் காட்டுது. கெட்டுப்போயிருக்கும்.”

இந்த மனுஷனுக்குத் தன் காதின் மேல் அவ்வளவு கர்வம்! எனக்கு எரிச்சலாக வந்தது. பயமும்தான். அக்கா அதற்குள் பிள்ளைகளுக்கு எந்த ஊரில் ஸ்கூல் பார்ப்பது என்று புலம்ப ஆரம்பித்திருந்தாள்.

காலையில் விஷயம் இன்ஜினியரம்மாவிடம் போனது. அவர் புது மீட்டரையே மாட்டச் சொன்னார். முள் பழைய இடத்திலேயே நின்றது. பிறகு ரப்பரை நன்றாகத் துடைத்துவிட்டுத் தானும் கம்பியைக் காதில் வைத்தார்.

“நல்லாத்தானே இரையுது? அண்ணே, நீங்க இடது காதுல வெச்சுப் பாருங்க.”

மாமா வைத்தார். கிணறு வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தது.

சுற்றி நின்றவர்கள் அப்பாடா என்று பெருமூச்சு விட்டார்கள். மாமாவின் முகம் மட்டும் வெளுத்துவிட்டது. அந்த இரைச்சலில் காதை மூடாமலே இத்தனை காலம் வேலை செய்தவர் அவர். “மூடிக்கிட்டா கிணறு பேசறது எப்படிக் கேக்கும்?” என்று வியாக்கியானம் வேறு. அதே இரைச்சலில் காது போனவர்களைப் பார்த்துமிருக்கிறார். காது கேட்காதவரைக் கிணற்றுப் பக்கமே விடமாட்டார்கள்.

அன்றே அக்காவும் நானும் மாமாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். பெஞ்சில் உட்கார்ந்து, “கிணறு நல்லாயிருக்கு, அது போதும்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போதாது என்று மூன்று பேருக்கும் தெரியும். அக்கா அவர் கையை விடவே இல்லை.

மருத்துவர் விளக்கடித்து உள்ளே பார்த்தார். மாமா கம்பியைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

“வருஷக்கணக்கா காது அழுக்கை நீங்களே உள்ள தள்ளித் தள்ளி அடைச்சு வெச்சிருக்கீங்க.”

வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினார். கறுப்பாக ஒரு கட்டி கிண்ணத்தில் விழுந்தது. அவ்வளவு பெரிய மனிதரைக் கலங்கவைத்தது, பட்டாணி அளவுகூட இல்லை. கருவி வைத்துச் சோதித்துவிட்டு, காதுக்குக் குறை எதுவும் இல்லை, இனிமேல் மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றார்.

மாமா தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. அவருடைய வலது பக்கமாகக் குனிந்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கூப்பிட்டாள்.

“என்னங்க.”

“கேக்குது, சொல்லு.”

அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.