வலது கை கிளவுஸ்

நான் முதலில் ஹாக்கியில் முன்வரிசை ஆட்டக்காரன். எட்டாவதோடு பள்ளியை விட்டபிறகும் பள்ளி மைதானத்தை விடவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒருவர் வீட்டில் பட்டுத் தறிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தறிக்குச் சொந்தக்காரர் காலையில் என் உள்ளங்கையில் ஒரு பட்டு இழையை வைத்து இழுத்துப் பார்ப்பார். வழுக்கிக்கொண்டு போனால் தறியில் உட்காரலாம். சிக்கினால் அன்றைக்கு வேலை இல்லை. மட்டை பிடித்தால் கை காய்க்கும், காய்ப்பு பட்டு இழையை இழுக்கும், இழுத்த இடம் புடவையில் தெரியும். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். அது கறையாக விழுந்தது. அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

யோசித்ததில் கிளவுஸ் போட்டு ஆடும் இடம் ஒன்றுதான் இருந்தது. கோல்கீப்பர் ஆனேன். வெயில் காலத்தில் அதே பையன்கள் கிரிக்கெட்டுக்கு மாறுவார்கள். அங்கே விக்கெட் கீப்பர். ஓரிடத்தில் இருக்க முடியாதவன் என்று வீட்டில் எனக்குப் பெயர். வாரம் முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் நின்றேன். நன்றாக நிற்கிறேன் என்றார்கள்.

பக்கத்தில் கூரம் கிராமத்தில், அறுவடை முடிந்த வயலில், அந்த ஊர் டீமோடு ஒரு கிரிக்கெட் இறுதிப் போட்டி. அப்போது தறியில் ஒரு கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடல் முடிந்துவிட்டது, மறுநாள் முந்தானை, எங்கள் பேச்சில் முந்தி, நெய்ய வேண்டும். தறிக்காரர் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. கையைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். கை கெட்டால் தறியில் வேறு ஆள் என்பது சொல்லாமலே தெரியும்.

கடைசிப் பந்து. கூரத்துக்காரர்கள் ஒரு ரன் எடுத்தால் சமம். மட்டையில் படாவிட்டாலும் ஓடிவிடுவார்கள். கிளவுஸோடு ஸ்டம்பைக் குறிபார்த்து எறிய முடியாது. ஆட்டோ ஓட்டும் எங்கள் கேப்டன் என்னிடம் வந்தான்.

"வலது கை கிளவுஸ கழட்டிடுபா."

"நாளைக்கு முந்தி நெய்யணும்பா."

"நெய்யேன். யாரு வேணான்றது?"

மட்டையோடு நின்ற கூரத்துக்காரன் திரும்பிப் பார்த்தான். "மருதாணி வெச்சிக்கினு வந்துருக்கலாமில்ல, கீப்பரு?"

கழற்றினேன். கேப்டன் சொன்னதற்காகவா, கூரத்துக்காரன் சொன்னதற்காகவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பந்து மட்டையைத் தாண்டி எழும்பி வந்து என் நடுவிரலில் பட்டுக் கீழே விழுந்தது. எடுத்து எறிந்தேன். ஸ்டம்ப் சாய்ந்தது, ஓடி வந்தவன் அவுட். என்னைத் தூக்கிக்கொண்டு வயலைச் சுற்றினார்கள். இறக்கிவிட்ட பிறகுதான் நகம் பிளந்திருப்பதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை தறிக்காரர் இழையை எடுக்கவே இல்லை. விரலைப் பார்த்தார்.

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சோம்ணா."

"சரி. நகம் மொளைச்சப்புறம் வா."

மதியமே என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து முந்தியை ஆரம்பித்துவிட்டார். விரல் நகம் இவ்வளவு மெதுவாக வளரும் என்று எட்டாவது வரைக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அது பாதி வளர்வதற்குள் திருப்பூருக்குப் போய்விட்டேன். முழுதாக வளர்ந்தபோது கொச்சியில் மீன் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஊர்ப்பக்கம் திரும்பி வந்து ஒரு கம்பெனியில் இரும்பு தூக்குகிறேன். என் உள்ளங்கையில் கயிறே சிக்கும். யாரும் பார்ப்பதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை டீமில், இனி கீப்பிங் வேண்டாம், பந்து போடுகிறேன் என்றேன். ஒரு ஓவர் கொடுத்தார்கள். முடிந்ததும் கிளவுஸை எடுத்து வந்து கையில் கொடுத்தார்கள்.