மரியாதை தெரிந்த நாய்

நாய் எங்கள் வீட்டுக்கு வந்த ஏழாவது மாதம், அதைச் சுரக்குடிக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவள் என் மனைவி. காரணம் அவளுடைய இடது முழங்கால். யார் வந்தாலும் முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி அவர்கள் மேல் வைத்து வரவேற்பது நாயின் வழக்கம். பால்காரர் மேல் நான்கு முறை, தண்ணீர் கேன் போடுபவர் மேல் இரண்டு முறை. மனைவி மேல் பாய்ந்ததற்கு என்னிடமே கணக்கு இல்லை. கடைசி முறை அவள் குழம்புச் சட்டியோடு வந்துகொண்டிருந்தாள். முழங்கால் சுவரில் இடித்ததோடு அவள் தப்பித்துக்கொண்டாள். குழம்பு தப்பவில்லை.

அவளுடைய அண்ணனுக்குச் சுரக்குடியில் வயல். மோட்டார் கொட்டகைக்கு ஒரு நாய் வேண்டும் என்று அவர் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம அண்ணன் வர்றாங்க. அதுக்குள்ள திருந்துனா இருக்கட்டும். இல்லன்னா கெளம்பட்டும்" என்றாள்.

எனக்குக் கவலைப்படத் தெரியும், நாயைப் பழக்கத் தெரியாது. கொட்டகையில் மின்கம்பி இருக்கும். வரப்பில் பாம்பு இருக்கும். ஐப்பசியில் இடி இடிக்கும். இடி என்றால் இது என் கட்டிலுக்கு அடியில்தான் புகும். அங்கே கட்டில் ஏது?

கைப்பேசியில் காணொளி பார்த்தேன். அதில் ஓர் இளைஞர் "சிட்" என்றார். அவருடைய நாய் உட்கார்ந்தது. நானும் பிஸ்கட்டைக் காட்டிச் சொன்னேன். நாய் என் கையைப் பார்த்தது. ஆங்கிலம் புரியவில்லை போலும் என்று "உட்கார்" என்றேன். இலக்கணச் சுத்தம் அதிகமாகிவிட்டதோ என்று "உக்காரு" என்றேன். இடுப்பைப் பிடித்து அழுத்தியும் பார்த்தேன். விளையாட்டு என்று நினைத்து என் வேட்டியைக் கவ்வியது. உற்சாகம் குறைந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு முறையும் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமைக்குள் ஐந்து பாக்கெட் தீர்ந்தது. நாய் ஒரு சுற்றுப் பருத்தது. ஒரு தடவைகூட உட்காரவில்லை.

ஞாயிறு காலை மச்சான் வந்துவிட்டார். நாய் வந்த பிறகு அவர் வருவது அதுதான் முதல் முறை. வண்டியின் கைப்பிடியில் புதுக் கயிறு தொங்கியது. கேட்டைத் திறந்ததுமே நாய் பாய்ந்தது. நான் "சிட்" என்று கத்தினேன், "உக்காரு" என்றும் கத்தினேன். அடுப்படியில் இருந்த மனைவி எதையும் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

"வாங்கண்ணே, உக்காருங்க."

பாதி வழியில் நாய் நின்றது. பின்னங்கால்களை மடித்து, மச்சான் உட்காரும் முன்பே அது உட்கார்ந்தது.

மச்சான் அசந்துபோனார். "மாப்ளே, நல்லா பழக்கிருக்கீங்களே. கொட்டாய்க்கு இதான் சரி" என்றார். என் ஆயுளில் அவர் என்னைப் பாராட்டியது அதுவே முதல் தடவை. அந்தப் பாராட்டே நாயைக் கொண்டுபோகப் பார்த்தது.

கழுத்தில் கயிற்றைக் கட்டி "வா" என்றார். நாய் அசையவில்லை. "வாடா" என்றார். அது என்னைப் பார்த்தது. இழுத்தார். உட்கார்ந்தபடியே முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு சிமெண்டுத் தரையில் ஒரு சாண் வழுக்கிவந்ததே தவிர, எழுந்து நடக்கவில்லை.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்புடிக் கூப்புட்டா வராதுண்ணே. வாங்கன்னு கூப்புடுங்க" என்றாள்.

"நாயயா?"

"நாயத்தான். மூணு வேளயும் நான் இவங்கள கூப்புடுறதக் கேட்டு அதுக்கும் அப்புடியே பழகிருச்சு."

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. சாப்பாட்டு நேரத்தில் மனைவி "வாங்க, உக்காருங்க" என்பாள். நான் உட்காருவேன், நாயும் நாற்காலியருகே உட்காரும். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு மீன் துண்டு என் தட்டிலிருந்து கீழே போகும். வெள்ளிக்கிழமை என்றால் அப்பளம். ஏழு மாதமாக, ஒரு வேளை தவறாமல் நடந்த பயிற்சி. ஆசிரியர் நான் அல்ல. நானும் மாணவன்தான்.

மச்சான் கேட் பக்கம் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மச்சான் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல, "வாங்க" என்றார். நாய் உடனே எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் போனது. எதிர்வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றது.

நாய் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் மச்சானின் முகம் என்னைவிட மோசமாக இருந்தது.

"நடவு ஆளுங்க அத்தன பேரு முன்னாடி நான் நாய வாங்க, போங்கன்னு கூப்புட்டா, நாளைக்கு எவன் என் பேச்ச கேப்பான்?" என்று கயிற்றை அவிழ்த்தார். "நம்மால ஆவாது. இங்கயே மரியாதையா இருக்கட்டும்."

"அதும் சரிதாண்ணே" என்றாள் மனைவி. இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. அதனால்தான், வேண்டுமென்றே சொல்லிக்கொடுத்தாளோ என்று எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம்.

மதியம் கிழங்கான் மீன் வறுவல். மேசையில் மூன்று தட்டுகள் வைத்துவிட்டு அவள் கூடத்துக்கு வந்து, "வாங்க, உக்காருங்க" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று தெரியாமல் மச்சான் கொஞ்சம் தயங்கினார். அதற்குள் நானும் நாயும் உட்கார்ந்துவிட்டோம்.