எங்கே அனுப்பினாலும் போவேன்

என் அக்காவின் கணவர் என்னை "சார்" என்று கூப்பிட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான். அன்று வெள்ளைச் சட்டையின் கைப்பொத்தான்கள் இரண்டையும் இறுகப் பூட்டியிருந்தார். மணிக்கட்டில் இருந்த பழைய நீராவிக் காயம் வெளியே தெரிய வேண்டாம் என்று அவருக்குச் சொன்னவன் நான்தான். மற்ற நாளெல்லாம் அவருக்கு நான் மச்சான், எனக்கு அவர் மாமா. அன்று மேசைக்கு இந்தப் பக்கம் ஆலை மேலாளரும் மனிதவள மேலாளரும் உட்கார்ந்திருக்க, ஓரத்தில் குறிப்பெடுக்கும் குமாஸ்தாவாக நான் இருந்தேன். உள்ளே வந்தவர் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி "வணக்கம் சார்" சொன்னார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அதையும் முந்தின ஞாயிறே பேசி வைத்திருந்தோம்.

மாமா பாய்லர் ஆபரேட்டர். பதினோரு வருஷம் சவூதியில் கொதிகலன்களோடு நின்றுவிட்டு, இனிப் போவதில்லை என்று புவனகிரிக்கே திரும்பியிருந்தார். மகள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவளுக்கு அப்பா என்றால் போனில் வரும் குரல். வந்த புதிதில் விருந்தாளியிடம் கொடுப்பது போலத் தண்ணீர் டம்ளரை நீட்டிவிட்டு ஓடிப்போவாள். சில மாதங்களில் தினமும் அவர் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போகிற அளவுக்குப் பழகிவிட்டாள். "இந்த வாட்டி அவுரு எங்கயும் போவக் கூடாதுடா தம்பி" என்று அக்கா என்னிடம் சொன்னாள். கடலூரில் எங்கள் தொழிற்சாலையில் பாய்லர் பிரிவில் ஓர் இடம் காலியானபோது, என் கைக்கே தானாக வந்து சேர்ந்த வரம் என்று நினைத்தேன்.

எத்தனையோ நேர்காணல்களில் ஓரமாக உட்கார்ந்து எழுதியவன் என்பதால், அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் என் சட்டைப்பையில் இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு மாமா பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்துவிடுவார். முதல் நாள் சும்மா கேட்டுப் பார்த்தேன், உங்கள் பலம் என்ன என்று. நிறைய நேரம் யோசித்தார். "பாய்லர் பக்கத்துல நின்னா போதும் மச்சான். பம்ப்பு சத்தம் லேசா மாறுனாலும் தெரிஞ்சிடும்" என்றார். லட்சியம் என்ன என்று கேட்டதற்கு யோசிக்கவே இல்லை. "புள்ள பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் வூட்ல இருக்கணும். வேற என்னா இருக்குது எனக்கு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. வீடு, பிள்ளை என்று வாயே திறக்கக் கூடாது, அப்புறம் லீவு கேட்கிற ஆள் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று மிரட்டி, ஒரு தாளில் பதில்களை எழுதிக் கொடுத்தேன். பலம், கூட்டாக வேலை செய்வது. பலவீனம், வேலை முடியாமல் வீட்டு நினைப்பே வராது. லட்சியம், ஐந்து வருஷத்தில் ஷிப்ட் இன்சார்ஜ் ஆவது, அதற்குக் கம்பெனி எங்கே அனுப்பினாலும் போவது. விண்ணப்பத்தில் 'இங்கே உறவினர் பணிபுரிகிறார்களா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதச் சொன்னதும் நான்தான். உறவுக்காரர் என்றால் எடுக்க மாட்டார்கள். ஞானோபதேசம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி அவர் அத்தனையையும் மனப்பாடம் செய்தார்.

நேர்காணலில் ஒரு வார்த்தை பிசகவில்லை. பலவீனத்தைச் சொன்னதும் ஆலை மேலாளர் சிரித்துவிட்டு, வீட்டில் யாரும் தேட மாட்டார்களா என்று கேட்டார். அது நாங்கள் பழகாத கேள்வி. மாமா ஒரு விநாடி தடுமாறி, "தேட மாட்டாங்க சார்" என்றார். என் பேனா நின்றுவிட்டது. அடுத்து லட்சியம் வந்தது. அவர் கடைசி வரியைச் சொல்லி முடித்ததும் மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கே உள்ள இடத்துக்கு உள்ளூர் ஆள் யாராவது கிடைப்பார், குஜராத் யூனிட்டுக்குத்தான் ஆறு மாதமாக ஆள் இல்லை, இவரைப் போலக் குடும்பச் சுமை இல்லாதவர்தான் சரி என்றார். பிறகு மாமாவிடமே நேராகக் கேட்டார்.

அப்போதுதான் மாமா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. நான் என்ன செய்ய முடியும்? இவர் என் அக்கா புருஷன், இவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், இதெல்லாம் நான் எழுதிக் கொடுத்தது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை. நான் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். "போறேன் சார்" என்றார் மாமா. அதைக் குறித்துக்கொண்டதும் நான்தான்.

அன்று மாலை ஆலை வாசலில் அவரைப் பிடித்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் மாமா என்று கெஞ்சினேன். இந்த வயதில் வேறு யார் கூப்பிடப் போகிறார்கள் என்றார். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தாளில் என்ன எழுதினாய் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். எழுந்து அடுப்படிக்குப் போய், அங்கிருந்தே சாப்பிட்டியா என்று கேட்டாள்.

இரண்டு வருஷத்தில் கடலூருக்கு மாற்றல் வாங்கித் தருகிறேன் என்று நான் கொடுத்த வாக்கும் காற்றில் போனது. வருஷாவருஷம் அவருடைய மாற்றல் விண்ணப்பம் எங்கள் அலுவலகத்துக்கு வரும். 'தற்போது பரிசீலிக்க இயலாது' என்ற பதிலைத் தட்டச்சு செய்து மேலாளரின் கையெழுத்துக்கு வைப்பது என் வேலை. ஒரு பொறுப்பை ஏற்றவர்களே அதிலிருந்து பின்வாங்கினால் எப்படி என்று ஒரு தடவை மேலாளர் குறைப்பட்டுக்கொண்டார். தலையாட்டினேன்.

எட்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது நேர்காணல்களில் அந்தக் கேள்விகளைக் கேட்பவனே நான். எங்கே அனுப்பினாலும் போவேன் என்று சொல்கிற ஒவ்வொருவரிடமும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிடத் துடிக்கிறேன். கேட்டால் அவர்கள் பயந்துபோய் யாரும் இல்லை என்பார்கள். அதனால் கேட்பதில்லை.

அக்கா மகள் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். கல்லூரிக்கே கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்று போன சனிக்கிழமை நோட்டும் பேனாவுமாக என் வீட்டுக்கு வந்தாள். "அப்பா போன்ல சொன்னாரு மாமா. உன் மாமா சொல்லிக் குடுக்கறத அப்படியே சொல்லும்மா, எனக்கு வேல வாங்கிக் குடுத்ததே அதுதான்னாரு." குத்திக் காட்டச் சொன்னதோ என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அவர் மனதார நன்றியோடுதான் சொல்லியிருக்கிறார்.

உனக்கு என்ன லட்சியம் என்று கேட்டேன். "குஜராத் பக்கம் போஸ்டிங் கெடச்சா போதும் மாமா. அம்மாவயும் கூட்டிக்கினு போயிடுவேன். அப்பாவோட ஒரே வூட்ல இருக்கலாம்." சொல்லிவிட்டு, "இத அங்க சொல்லலாமா மாமா?" என்றாள்.

சொல் என்றால் இவளுக்கு வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. சொல்லாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியலம்மா என்றேன். அதையும் ஒரு பதில் என்று நினைத்து நோட்டில் எழுதப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.