மூன்றாவது சிலிண்டர்

என் வீட்டுக்காரருக்கு வேலை பல்செட் செய்வது. கிறுக்கு, ரயில் இன்ஜின். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் முன்னறை மேசையில் உட்கார்ந்து பல் வரிசையைச் செய்து கொடுப்பார். அது முடிந்ததும் அதே மேசையில், அதே அரத்தை வைத்துக்கொண்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு நீராவி இன்ஜினை ராவிக்கொண்டிருப்பார். வாய் தவறி விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்குப் பேச்சே கிடையாது. மாடல் என்று சொல்ல வேண்டும்.

அந்த மாடலில் அவர் செய்யும் கூத்தைக் கேளுங்கள். டிரைவர் நிற்கும் அறைக்குள் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கரி அள்ளும் மண்வெட்டி. அதன் முனை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். கேட்டால், கரி போடுகிறவன் வலதுகைக்காரனாம், அப்படித்தான் தேயுமாம். அவன் என்ன இவர் கூடப்பிறந்தவனா, எந்தக் கைக்காரன் என்று தெரிவதற்கு?

“ஏங்க, கூரையைப் போட்டு மூடினப்புறம் இதை யாரு பாக்கப் போறா?”

“மூடறதுக்கு முன்னாடி நீ பாரு. ஒரு ஆள் பாத்தா போதும்.”

அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். எந்த இன்ஜினையும் மூடி முடுக்குவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுவார். கையில் சோப்பு நுரையோடு வந்து நிற்பேன். டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும். “சின்னதா ஒரு குழாய் தெரியுது.” “அதுக்குப் பின்னாடி?” “இன்னொரு குழாய். போதுமா, அடுப்புல வேலை கிடக்கு.” “ம்” என்பார். அப்புறம்தான் திருகாணி ஏறும். எங்கள் தெருவில் இன்ஜினின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்த ஒரே பொம்பளை நான்தான்.

அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். கடைகளுக்கு போர்டு எழுதும் பெயிண்டர். சைக்கிள் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடும் மாடல்காரர்கள் கூட்டத்தில் கல்யாணத்துக்கு முன்பே பழக்கம். என்னைத் தங்கச்சி என்பார், நானும் அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. மாடலுக்கு எவ்வளவு நுணுக்கம் வேண்டும்?

“மூணடி தள்ளி நின்னு பாக்கறப்ப கண்ணுக்குத் தெரியாதது எதுக்குடா?” என்பார் பெயிண்டர். எதிர்ச்சாரியில் போகிறவன் படித்தால் போதும் என்று எழுதிப் பழகிய கை.

“என் தொழில்ல மயிரிழை உசந்திருந்தாலும் நாக்கு கண்டுபிடிச்சிரும்” என்பார் இவர்.

“அப்ப உன் இன்ஜினை வாயில போட்டுக்க.”

நானும் பெயிண்டர் பக்கம்தான் இருந்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் நான் சொன்னதெல்லாம் இவர் முகத்துக்கு நேரே சொன்னது.

பிறகு இவருக்குக் கண் நரம்பு பட்டுப்போக ஆரம்பித்தது. ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்தது. பல் வேலையை விட்டார். இன்ஜினை விடவில்லை. ஒரே ஒரு இன்ஜினை முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதம். அந்த வகை இன்ஜினுக்கு, நீராவி புகுந்து சக்கரத்தைத் தள்ள மூன்று சிலிண்டர். இரண்டு வெளியே, பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மூன்றாவது நடுவில், சக்கரங்களுக்கு இடையே ஒளிந்திருக்கும். அதற்கான தண்டுகளையும் முழங்கைபோல் மடங்கும் குட்டி இணைப்புகளையும் மூக்கு மேசையில் உரச உரசக் குனிந்து ராவினார். கண்ணில் தண்ணீர் கொட்டும், துடைத்துக்கொண்டு மறுபடி குனிவார். அவர் கண் கடைசியாகச் செய்த வேலை அதுதான். பூட்டுவதற்குள் எல்லாம் இருண்டுவிட்டது. பாகங்களை ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கி, இன்ஜினோடு பெயிண்டரிடம் கொடுத்தார்.

“எல்லாத்தையும் பூட்டிட்டுப் பெயிண்ட் அடிச்சிருடா. மூடறதுக்கு முன்னாடி இங்க கொண்டா, இவ பாக்கட்டும்.”

பெயிண்டர் எல்லாவற்றையும் மூடி முடித்தே கொண்டுவந்தார். “ஏன், நான் ஒரு ஆள் இல்லையா? நான் பாத்து மூடிட்டேன்” என்று சிரித்தார். இவரும் சிரித்தார்.

அதற்கப்புறம் வந்தபோதெல்லாம் இவர் கேட்பார், மூடுமுன் பார்த்ததாக அவர் சொல்வார். நடுத் தண்டு வழுக்கிக்கொண்டு ஓடியதாம். எண்ணெய்க் கிண்ணத்தின் மூடி வெளிச்சத்தில் மினுக்கியதாம். வாய் கூசாமல் சொன்னார். இவர் கையில் டம்ளர் ஆறிப்போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பார். நுணுக்கமே வேண்டாம் என்ற மனுஷன் பொய்யில் மட்டும் எவ்வளவு நுணுக்கம் வைத்தார் பாருங்கள்!

போன மழைக்காலத்தில் ஒருநாள் இன்ஜினைத் துணியால் துடைக்கும்போது உள்ளே லொடலொட என்றது. அடித்தட்டைத் தடவித் தடவிக் கழற்றினார். சுண்டுவிரலை விட்டார். மறுபடி விட்டுத் துழாவினார்.

“இங்க வா. டார்ச் எடுத்துட்டு வா. என்ன தெரியுது?”

பசை விட்டுப்போன ஒரு ஈயக்கட்டி. கனம் குறையாமல் இருக்க வைத்தது. நடுத் தண்டு இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஒன்றும் இல்லை. அதை அப்படியே சொன்னேன்.

“அவன் உன்கிட்ட சொன்னானா?” என்று கேட்டார்.

“எதை?”

“யாரு பாக்கப் போறான்னு நீயும்தானே சொல்லுவே.”

“ஐயோ, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க.”

பெயிண்டர் வந்ததும் நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஈயக்கட்டியை மேசையில் வைத்தேன்.

“பூட்டிப் பாத்தேன் தங்கச்சி. சக்கரம் சிக்குச்சு. அப்புறம் பாத்துக்கலாம்னு வெச்சேன். இவன் முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு உசுரை எடுத்தான்...”

“ஆகலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன்டா” என்றார் இவர். “அந்த டப்பா எங்க?”

“எங்கேயோ வெச்சேன்.”

இவர் ஈயக்கட்டியைத் தடவி எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். அதைப் பார்க்கத் தாங்காமல் பெயிண்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? மூணடி தள்ளி நின்னா கண்ணு இருக்கறவனுக்கே தெரியாது, உனக்கு...” என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“வெளியே போங்க” என்றேன். அண்ணே என்ற சொல் வாயில் வரவில்லை. போய்விட்டார். பாவி, இருட்டில் இருக்கிற மனுஷனின் கழுத்தை அறுத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை இவர் இன்ஜினை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“பச்சையா?”

“பச்சைதாங்க.”

“பக்கத்துல சிவப்புக் கோடு எத்தனை? ரெண்டு போடச் சொல்லியிருந்தேன்.”

ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். பச்சைக்கு மேல் மயிரிழை கனத்தில் இரண்டு கோடு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு நடுக்கம் இல்லாமல் ஓடியது. அந்தத் துரோகி அதை மட்டும் நெஞ்சார ஒழுங்காகச் செய்திருந்தான்.

“ரெண்டு இருக்குங்க.”

விரலால் தடவினார். கைக்குத் தட்டாத அளவுக்கு வழவழவென்று எழுதியிருந்தான். மறுபடி தடவினார்.

“ரெண்டுதாங்க. உங்க மேல ஆணையா ரெண்டு.”

“சரி.”

“நம்புங்களேன்.”

“என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே. பரவாயில்லை, விடு.”

நான் டார்ச்சை எடுத்து வந்து அடித்தேன். யாருக்காக அடித்தேன் என்று தெரியவில்லை. கோடு இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. ஒரு ஆள் பார்த்தால் போதும் என்று ஆயுசு முழுக்கச் சொன்ன மனுஷர் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, இல்லாததைத் தேடுகிறவர்போல அந்தப் பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.