ஒரு கட்டிடம், மூன்று பலகை

அலுவலகத்தில் அவளைக் காலண்டர் அக்கா என்றால்தான் தெரியும். வெளிநாட்டு உதவி எந்த ஊருக்கு எதற்காக வருகிறது என்று பார்த்து, இரண்டு நாடுகள் ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்யாமல் பிரித்துவிடுவது அவள் உத்தியோகம். எந்த நாட்டுக்காரர் என்றைக்கு எந்த ஊரைப் பார்க்கப் போவது என்பதும் அவள் கையில்தான். மூன்று சம்பந்தி வீட்டாரை ஒரே கல்யாணத்தில் சமாளிக்கிற சாமர்த்தியம் வேண்டும் அதற்கு.

அவள் தம்பி ஒரு தொண்டு நிறுவனத்தின் செயலாளருக்கு டிரைவராக இருந்தான். ஒருநாள் செயலாளர் குடித்துவிட்டுத் தானே வண்டியை எடுத்து, சைக்கிளில் போன ஒருவரின் காலை உடைத்தார். போலீஸிடம், "டிரைவர்தான் ஓட்டினான்" என்றார். தம்பிக்கு லைசென்ஸும் போச்சு, வேலையும் போச்சு.

அதன்பிறகுதான் தம்பி வாய் திறந்தான். "அக்கா, உன் மேப்புல மூணு ஊருக்கு மூணு ஆஸ்பத்திரினு ஊசி குத்தி வெச்சிருக்கியே, எங்க செயலாளர் மூணு நாட்டுக்கிட்டயும் காசு வாங்கின அந்த மூணும் ஒரே கட்டிடம். வர்ற நாட்டுக்குத் தகுந்த போர்டை நான்தான் ஸ்க்ரூ போட்டு மாட்டுவேன். வண்டியைக் கொஞ்சம் சுத்தி ஓட்டினா எந்த ஊருனு அவங்களுக்கு என்ன தெரியும்?"

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அந்த மூன்று ஊசிகளையும் குத்தியது அவள்தான். மேலதிகாரியிடம் பெருமையாகக் காட்டியதும் அவள்தான். புகார் எழுதலாம். எழுதினால் அந்தச் செயலாளர் நாலு பக்கம் பதில் எழுதித் தப்பித்துவிடுவார். அவள் எழுதவில்லை. மூன்று நாட்டாரின் பார்வையிடலையும் ஒரே நாள், ஒரே நேரத்தில் போட்டாள்.

செயலாளர் போனில் அலறினார். "ஒரே நேரத்துல மூணு ஊரா? நான் ஒருத்தன் எங்கேனு போய் நிப்பேன்?"

"நீங்க ஒருத்தர்தான் சார். ஆஸ்பத்திரிதான் மூணு இருக்கே."

செயலாளர் போனை வைத்தார். அன்று மாலையே நேரில் வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "உங்க தம்பி விஷயத்தைச் சரி பண்ணிடறேம்மா. தேதியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

"முதல்ல சரி பண்ணுங்க."

பண்ணினார். ஸ்டேஷனில் போய், ஓட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். தம்பியின் லைசென்ஸ் திரும்பி வந்தது.

"பண்ணிட்டேன்மா. தேதி?"

"அப்படியே இருக்கு சார்."

"வாக்குக் குடுத்தீங்களே!"

"முதல்ல சரி பண்ணுங்கன்னேன். ரெண்டாவதா நான் என்ன செய்வேன்னு சொன்னேனா?"

குறித்த நாளில், நல்ல வெயிலில், கூட்டிப்போக வேறு ஆஸ்பத்திரி இல்லாமல், மூன்று கார்களும் ஒரே வாசலில் வந்து நின்றன. எந்தப் பலகையை மாட்டுவதென்று தெரியாமல் சுவரை மொட்டையாக விட்டிருந்தார்கள். ஸ்க்ரூ ஓட்டைகள் அம்மைத் தழும்பு போல இருந்தன. விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் நர்ஸிடம், இது யாருடைய ஆஸ்பத்திரி என்று கேட்டார்.

"அன்னிக்கு யார் வர்றாங்களோ அவங்களோடது" என்றாள் நர்ஸ், சூதுவாது தெரியாமல்.

செயலாளர் நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காலண்டர் அக்கா அவர் எதிரிலேயே நின்றாள். அந்த முகத்தைத் தவறவிட அவளுக்கு மனமில்லை.

ஒரு நாடு ஆஸ்பத்திரியை ஏற்றுக்கொண்டது. மற்ற இரண்டும் செயலாளர் மேல் வழக்குப் போட்டன.

"அதான் ஒத்துக்கிட்டாரேக்கா, விட்டிருக்கலாம். பாவம்" என்றான் தம்பி, சாப்பிடும்போது.

"ஒத்துக்கிட்டது உனக்காக. என்னை முட்டாளாக்கினதுக்கு?"

அவள் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.